முப்பது ரூபாய் குமாஸ்தா மறுபடியும் மாணவரான கதை



நம் இயக்கக் கூட்டம் முடிந்து, பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும்போது, வேலைக்குப் போகும் அண்ணன்கள், அக்காக்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எஸ்பிஎம் முடித்ததும் தொழிற்சாலையில் சேர்ந்தவர்கள், தினமும் விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய் வருபவர்கள், ஒரு செமஸ்டர் படித்துவிட்டு குடும்பக் கஷ்டத்தால் நின்றுவிட்டவர்கள். இப்போ மறுபடியும் படிக்கப் போகலாமா தம்பி, வயசாயிடுச்சே, சம்பளம் நின்னுட்டா வீட்டை யார் பார்க்கிறது? இதுதான் அந்தக் கேள்வி.

நான் இன்னும் சம்பளமே வாங்காத மாணவன். எனக்கு என்ன அனுபவம் இருக்கு, பதில் சொல்ல? ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வி ஒரு துறைமுக குமாஸ்தா முன்னால் வந்து நின்றது. அவர் இரண்டு முறை கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். கல்யாணமானவர். மாதச் சம்பளம் 30 ரூபாய். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் என்றாலே பிறவி மேதை, கனவில் தாயார் வந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வேலையில் இருந்த ஒருவர் மறுபடியும் படிக்கப் போவதா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுத்த பக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கெட்டிக்காரப் பையன் தோற்ற கதை

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் ராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வீட்டுத் தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். குடும்பத்தில் பணம் என்றுமே தட்டுப்பாடுதான்.

பள்ளியில் பையன் முதல் மாணவன். 1897-இல் தொடக்கநிலைத் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். பிறகு டவுன் ஹைஸ்கூல். பதினைந்து பதினாறு வயதில் கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு தடித்த கணிதப் புத்தகம் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் வரிசையாக இருக்கும், ஆனால் அவை எப்படி வந்தன என்ற விளக்கம் அதில் மிகக் குறைவு. அந்தச் சூத்திரங்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அதிலிருந்து வேறு எந்தப் பாடமும் மண்டையில் ஏறவில்லை.

1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தோற்றார். உதவித்தொகை போனது. கல்லூரிக் கட்டணம் ஒரு தவணைக்கு 32 ரூபாய், அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். அவமானம் தாங்காமல் 1905-இல் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றோர் தேட வேண்டியதாயிற்று.

1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் இரண்டாவது வாய்ப்பு. அங்கேயும் கணிதத்தில் பிரமாதம், மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். உடம்பு வேறு சரியில்லை. அந்த ஆண்டு எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. அந்தக் காலத்தில் எஃப்.ஏ. இல்லாமல் பட்டப் படிப்புக்குள் நுழைய முடியாது. அதோடு அவருடைய மாணவ வாழ்க்கை முடிந்துவிட்டது என்றுதான் ஊரே நினைத்தது.

கெட்டிக்காரப் பையன் என்று பெயர் எடுத்தவர் தோற்றால் அது இரட்டைத் தோல்வி. சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கோயிலில் பார்ப்பவர்கள் கேட்பார்கள். இது நமக்கும் தெரிந்த வலிதானே?

வேலை தேடிய வருடங்கள்

1909 ஜூலையில் ராமானுஜனுக்கு ஜானகியோடு கல்யாணம். அன்றைய வழக்கப்படி பெண் இன்னும் சிறுமி, வயது பத்தை ஒட்டி. இனி சும்மா இருக்க முடியாது. ஓர் அறுவை சிகிச்சைக்குக்கூட வீட்டில் பணமில்லாமல், ஒரு மருத்துவர் இலவசமாகச் செய்து கொடுத்த நிலைமை.

கணக்கு நோட்டைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினார். திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அவர் மூலமாக வேறு சிலர், கடைசியில் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ். பையனிடம் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொண்ட ராவ், மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுத்தார். 1911-இல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

ஆனால் அடுத்தவர் பணத்தில் எத்தனை நாள் சாப்பிடுவது? 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வேலை விண்ணப்பம் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதையும், எஃப்.ஏ. வரை படித்துச் சூழ்நிலையால் தொடர முடியாமல் போனதையும் அதில் மறைக்காமல் எழுதியிருந்தார். மார்ச் 1-ஆம் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை. சம்பளம் 30 ரூபாய்.

பெரிய சம்பளம் இல்லை. ஆனால் மாதா மாதம் நிச்சயமாக வரும். அம்மாவும் ஜானகியும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். பகலில் துறைமுகக் கணக்கு, காலையிலும் இரவிலும் சொந்தக் கணக்கு. காகிதம் வாங்கக் கட்டாது என்பதால் சிலேட்டில் எழுதுவார். துணி தேடும் நேரத்தை மிச்சம் பிடிக்க முழங்கையாலேயே அழிப்பார், முழங்கை கறுத்துக் காய்த்துப் போயிருந்ததாம். விடை வந்தபின் அதை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அலுவலகத்தில் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். இரவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். ராமானுஜனின் வாழ்க்கையில் அந்த 30 ரூபாய் வேலையைச் சிறுமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்ததால்தான் மனசு கணக்கில் நின்றது. அந்த வேலை கிடைத்த இடத்தில்தான் அவருக்காகப் பேசக்கூடிய மனிதர்களும் கிடைத்தார்கள்.

அவரிடம் இல்லாதது என்ன?

1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு இரண்டு ஆங்கிலேயக் கணித அறிஞர்களுக்கு எழுதிப் பயனில்லை. கடிதத்தோடு பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், ஏறக்குறைய 120. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவர் ஏமாற்றுக்காரர் இல்லை, பெரிய கணித மேதை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதுவரை சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. ராமானுஜன் அனுப்பியவற்றில் சில ஏற்கெனவே ஐரோப்பாவில் மற்றவர்கள் கண்டுபிடித்தவை. சில, முக்கியமாகப் பகா எண்களைப் பற்றி அவர் எழுதியிருந்தவை, தவறானவை. ஏன் தவறு? அந்தத் துறையில் ஐம்பது வருடங்களாக வளர்ந்திருந்த முறைகள் அவர் கைக்கு வந்து சேரவே இல்லை. ஒரு முடிவு சரியென்று அவருக்குத் தோன்றும், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இது ஏன் எப்போதும் சரி என்று ஒவ்வொரு படியாக நிரூபிக்கும் பழக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

பொறியியல் படிக்கும் எனக்கு இது நன்றாகப் புரிகிறது. தொழிற்சாலையில் பத்து வருடம் மெஷினோடு பழகிய ஒரு அண்ணனுக்கு, சத்தத்தைக் கேட்டதுமே எந்த பேரிங் போச்சு என்று தெரிந்துவிடும். நான் புத்தகத்தைப் புரட்டினாலும் எனக்கு அது வராது. ஆனால் அது ஏன் போச்சு, அடுத்த மெஷினில் போகாமல் இருக்க என்ன மாற்றணும் என்று கணக்குப் போட்டு எழுதிக் காட்ட அவருக்கு ஒரு படிப்பு வேண்டும். திறமை வேறு, அந்தத் திறமைக்கு மொழி கொடுக்கும் படிப்பு வேறு. ராமானுஜனுக்கே அது தேவைப்பட்டது என்றால், நமக்குத் தேவைப்படுவதில் வெட்கமே வேண்டாம்.

ராஜினாமா இல்லை, விடுப்பு

ஹார்டி உடனே இங்கிலாந்துக்கு வரச் சொன்னார். ராமானுஜன் முதலில் மறுத்துவிட்டார். கடல் தாண்டினால் ஆசாரம் கெட்டுவிடும், சாதியை விட்டு விலக்குவார்கள் என்ற காலம். அம்மாவும் சம்மதிக்க மாட்டார்.

அதனால் முதல் அடியைச் சென்னையிலேயே வைத்தார். வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய நோட்டுகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை செய்தார். பட்டம் இல்லாத ஒருவருக்கு ஆய்வு உதவித்தொகை கொடுக்கலாமா என்ற விவாதத்துக்குப் பிறகு, மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு என்று முடிவானது. 1913 மே 1-ஆம் தேதி முதல் அவர் மறுபடியும் மாணவர். வயது 25.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. துறைமுகம் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிடவில்லை, விடுப்பு கொடுத்தது. படிப்பு சரிவராவிட்டால் திரும்பி வர ஒரு நாற்காலி இருந்தது. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் அவருக்குத் துணை நின்றார்கள். சம்பளத்தை விட உதவித்தொகை இரண்டரை மடங்கு, அதனால் வீட்டுக்கும் கஷ்டம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குதித்த ஆள் இல்லை ராமானுஜன். காலுக்கடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடி எடுத்து வைத்தார். இரண்டு முறை விழுந்தவருக்குத்தான் அந்த நிதானம் வரும்.

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் சென்னைக்கு வந்தார். ராமானுஜனை எப்படியாவது அழைத்து வர வேண்டும் என்பது ஹார்டி அவருக்குக் கொடுத்திருந்த வேலை. பேசிப் பார்த்தால் ராமானுஜனின் மனம் ஏற்கெனவே மாறியிருந்தது. நாமக்கல் கோயிலில் தங்கி வேண்டிக்கொண்டபோது உத்தரவு கிடைத்தது என்றும், அம்மாவின் கனவில் நாமகிரித் தாயார் வந்து மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்று சொன்னாள் என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. எது எப்படியோ, அந்த வீட்டில் சாஸ்திரம் போட்ட பூட்டை பக்தியே திறந்துவிட்டது. அம்மாவின் சம்மதம் இல்லாமல் அவர் கப்பலேறவில்லை.

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை, கப்பல் செலவு, குளிர்த் துணிமணிக்குப் பணம் எல்லாம் ஒதுக்கியது. கிளம்புவதற்கு முன் ராமானுஜன் செய்த ஓர் ஏற்பாடு முக்கியமானது. அந்த உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் நேராகக் கும்பகோணத்துக்குப் போய்ச் சேரும்படி செய்தார். துறைமுகத்தில் வாங்கிய சம்பளத்தைப் போல் அது இரண்டு மடங்கு. மகன் படிக்கப் போனதால் வீட்டுக்கு வரும் பணம் குறையவில்லை.

அம்மாவையும் மனைவியையும் முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டு, குடுமியை எடுத்து, கோட்டும் காலணியும் போட்டார். அந்தக் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். 1914 மார்ச் 17-ஆம் தேதி நெவாசா என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது.

நம் முன்னோர்களும் கிட்டத்தட்ட அதே வருடங்களில்தான், அதே சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி பினாங்குக்கு வந்தார்கள். ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களைக் கடல் தாண்டலாமா என்று யாரும் உட்கார வைத்து விவாதிக்கவில்லை. பசி அவர்களைத் தள்ளியது. அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்குப் படிக்கப் போகலாமா என்று யோசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. அதுவே ஒரு வரம்தான்.

கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர்

ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். வழக்கமாகக் கேட்கும் சான்றிதழ் இல்லாமலேயே டிரினிட்டி கல்லூரி அவரை ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. ஹார்டிக்கு ஒரு தர்மசங்கடம். முறையாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் ராமானுஜனின் சொந்த வேகம் கெட்டுவிடுமோ? சொல்லிக் கொடுக்காமலும் விட முடியாதே? அதனால் கூட உட்கார்ந்து வேலை செய்துகொண்டே தேவையானதை மட்டும் சொல்லிக் கொடுத்தார். ராமானுஜனும் சில வகுப்புகளில் போய் உட்கார்ந்தார். 26 வயதில், தன்னை விட இளையவர்களோடு.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் மூலம் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ.வில் இரண்டு முறை தோற்றவருக்கு 28 வயதில் பட்டம். பத்து வருடம் தாமதம்.

படித்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 விதம். எண் பெரிதாகப் பெரிதாக விடை தாறுமாறாக ஏறும். 100-க்கு 19,05,69,292 விதம். 200-க்கு ஏறக்குறைய 4 லட்சம் கோடி, அதாவது 4 டிரில்லியன். இதற்குச் சூத்திரம் உண்டா? ராமானுஜனின் ஊகமும் ஹார்டியின் நிரூபணப் பயிற்சியும் சேர்ந்து 1918-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டன. மக்மகான் என்பவர் கையால் கணக்கிட்டு வைத்திருந்த விடையோடு அது அச்சாகப் பொருந்தியது. இதைத் தனியாக ராமானுஜனும் செய்திருக்க முடியாது, தனியாக ஹார்டியும் செய்திருக்க முடியாது. அந்த ஆய்வில் பிறந்த முறையைக் கணித அறிஞர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அதே 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர்களில் இரண்டாவது நபர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர்.

கணக்கில் வராத செலவு

இதோடு நிறுத்தினால் நல்ல தன்னம்பிக்கைக் கட்டுரை ஆகிவிடும். ஆனால் படிக்கப் போகலாமா என்று உண்மையாகவே யோசிப்பவர்களுக்கு மீதியையும் சொல்லித்தான் ஆகணும்.

அவர் போய்ச் சேர்ந்த நாலாவது மாதமே உலகப் போர் தொடங்கியது. சுத்த சைவரான அவர் கல்லூரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. தானே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் காய்கறி கிடைப்பதே கஷ்டம். கணக்கில் மூழ்கிவிட்டால் சமைக்கவும் மறந்துவிடுவார், தூக்கமும் கிடையாது. குளிர் வேறு. அங்கே படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் ஒரு நாள் அறைக்கு வந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மெத்தையில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதே ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்கவும் கூச்சம்.

வீட்டிலிருந்து வரும் கடிதங்களும் குறைந்தன. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவருக்குப் போய்ச் சேராமல் தடுக்கப்பட்டன என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மனைவி ஏன் எழுதவில்லை என்று அவர் அங்கே கலங்க, கணவர் ஏன் எழுதவில்லை என்று ஜானகி இங்கே கலங்கியிருக்கிறார்.

1917-இல் உடம்பு விழுந்தது. காசநோய் என்று மருத்துவர்கள் கருதினார்கள். ஒரு மருத்துவமனை மாற்றி இன்னொரு மருத்துவமனை. மனமும் உடைந்தது. 1918 தொடக்கத்தில் உயிரை விடவும் துணிந்துவிட்டார், நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். உலகமே மெச்சிய அந்த வருடத்தில்தான் அவர் இவ்வளவு தனியாக இருந்தார்.

பணத்துக்கு ஏற்பாடு செய்தவர், வீட்டுக்கு ஏற்பாடு செய்தவர், தன்னுடைய சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பேச்சுத் துணைக்கும் ஏற்பாடு செய்துகொள்ளவில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல நான் யார்? ஆனால் இதைப் படிக்கும் நாம் பாடம் எடுத்துக்கொள்ளலாம். வேலையும் பார்த்து, இரவு வகுப்புக்கும் போய், சனி ஞாயிறும் இல்லாமல் ஓடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். மனசு பாரமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்க. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் நம் இயக்கத்தில் சொல்லுங்க. கம்பளி எப்படிப் போர்த்துவது என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

1919 மார்ச்சில் ராமானுஜன் இந்தியா திரும்பினார். நோய் தீரவில்லை. படுக்கையிலும் சிலேட்டு. சாகும் வருடத்தின் ஜனவரியில்கூடப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றை ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகிக்கு அப்போது இருபது, இருபத்தொன்றுதான். பிள்ளைகள் இல்லை. பம்பாயில் அண்ணன் வீட்டில் சில வருடங்கள் இருந்து தையல் கற்றுக்கொண்டார். சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணியில் துணி தைத்துக் கொடுத்துத் தன் காலில் நின்றார். ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994 வரை வாழ்ந்தார். ராமானுஜன் கதையில் நாம் மறந்துவிடும் இன்னொரு மாணவர் அவர்.

அந்தக் கடிதம்

ராமானுஜன் எழுதிய கடிதங்களில் ஹார்டிக்குப் போனது உலகப் புகழ் பெற்றது. எனக்கு அதை விடப் பெரிதாகத் தெரிவது வேறொரு கடிதம்.

1919 ஜனவரியில் அவர் இன்னும் இங்கிலாந்தில், நோயாளியாக இருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுக்க முடிவு செய்திருந்தது. அதற்குப் பதில் எழுதினார். தன் தேவைக்கு அவ்வளவு பணம் வேண்டியதில்லை, பெற்றோருக்கு ஒரு பங்கு போகட்டும், தன் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம்.

32 ரூபாய் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பையனை அவர் மறக்கவே இல்லை.

ஹார்டி பின்னாளில் வருந்தியதும் இதைப் பற்றித்தான். ராமானுஜன் சீக்கிரம் இறந்ததை விட, 18 முதல் 25 வயது வரை யாரும் வழிகாட்டாமல் வீணாகப் போன வருடங்களே பெரிய இழப்பு என்பது அவர் கருத்து.

அந்த நிலைமை இன்று நமக்குக் கொஞ்சம் மாறியிருக்கிறது. மலேசியாவில் எம்கியூஏ நடத்தும் ஏபெல் முறையில், வேலை அனுபவத்தையே தகுதியாகக் காட்டிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பகுதி நேரப் படிப்பும் இருக்கு, தொலைதூரப் படிப்பும் இருக்கு. பட்டம் இல்லாத குமாஸ்தாவுக்காக ஒரு பல்கலைக்கழகம் அன்று ஒரே ஒரு முறை திறந்த கதவு, இன்று விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே கேட்ட அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் என் பதில் இதுதான். வயசு தடை இல்லை. ஆனால் போவதற்கு முன்னால் ராமானுஜன் செய்ததைச் செய்யுங்க. உங்களிடம் இல்லாதது எது, அதை எந்தப் படிப்பு தரும் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்க. வேலையை விடுவதற்கு முன் விடுப்போ, நேர மாற்றமோ கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்க. வீட்டுக்குப் போக வேண்டிய பணத்துக்கு முதலில் வழி பண்ணுங்க. அவர் செய்யாமல் விட்டதையும் செய்யுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, மனசைப் பகிர ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்க.

இதெல்லாம் பார்த்த பிறகு, இப்போ முடியாது, தம்பி தங்கச்சி படித்து முடிக்கட்டும் என்று தோன்றினால் அதுவும் தோல்வி இல்லை. ராமானுஜனும் முதல் அழைப்புக்கு மறுத்தவர்தான். ஒரு வருடம் கழித்து, எல்லாம் கூடி வந்த பிறகு கிளம்பினார்.

படித்து முடித்து நிமிர்ந்த பிறகு, அந்த இரண்டாவது கடிதத்தையும் மறக்காதீங்க. நம் வட்டாரத்தில் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு தம்பியோ தங்கச்சியோ நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நாம் எழுத வேண்டிய கடிதம் அது.